இரண்டு வடக்குப் பாதைகள்: லண்டன் ரியூப்பில் 24 ஆண்டுகள்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தால் காங்கேசன்துறைக்குப் போகும் கோச்சியின், அதாவது ரயிலின், சத்தம் கேட்கும். போன கிழமை அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் மருமகள் கேட்டாள்: "மாமா, லண்டன் ரியூப்பைச் சமாளிக்கலாமோ? எனக்குப் பயமாக் கிடக்கு." அடுத்த மாதம் அவள் அங்கே படிக்கப் போகிறாள். ரியூப் என்பது லண்டனின் சுரங்க ரயில். தெற்கு லண்டனில் உள்ள ரூட்டிங்கில் 1998இலிருந்து 2022 வரை அதில் ஏறி வேலைக்குப் போய் வந்தவன் நான். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

நான் போய் வந்தது நோர்தேர்ன் லைன், வரைபடத்தில் கறுப்புக் கோடு. பெயர் வடக்குப் பாதை என்றாலும், லண்டன் ரியூப்பின் தென்கோடி நிலையமான மோர்டன் இதில்தான் இருக்கிறது. நான் அங்கே போன காலத்தில் எங்கள் ஊர் வடக்குப் பாதை இல்லாமலே போயிருந்தது. 1990 ஜூனில் போரால் கொழும்பு - யாழ்ப்பாணம் ரயிலான யாழ்தேவி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. ஒலிபெருக்கி பாதையின் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு காலையும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்.

தொண்ணூறுகளில் இந்தப் பாதையைப் பத்திரிகைகள் 'துன்பப் பாதை' என்று எழுதின. சமிக்ஞைகளும் வண்டிகளும் அவ்வளவு பழையவை. நான் போன ஆண்டிலேயே புது வண்டிகள் வரத் தொடங்கின. ஆனால் உண்மையான மாற்றம் 2014இல் தானியங்கிச் சமிக்ஞை முறை முழுப்பாதைக்கும் வந்தபோதுதான். இப்போது சாரதி கதவை மூடி, புறப்படும் பொத்தானை அழுத்துவார். வேகத்தையும் நிறுத்தத்தையும் கணினி பார்த்துக்கொள்ளும். முன்னால் போகும் வண்டி எங்கே என்று அதற்குத் துல்லியமாகத் தெரிவதால், அடுத்த வண்டியை நெருக்கமாக விட முடிகிறது. காலை நெரிசலில் ஒன்றைத் தவறவிட்டாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும். நேர அட்டவணையைப் பார்க்காமல் வீட்டை விட்டு இறங்கலாம். என்னைக் கேட்டால் ரியூப்பின் அருமை இதுதான். சுரங்கத்தின் நீளமும் நகரும் படிகளும் இதற்குப் பிறகுதான்.

அதே 2014, ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி கோச்சி வந்தது. அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியபோது, அம்மா தொலைபேசியை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தார். நான் ரூட்டிங் சமையலறையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

சரி, கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். கோடையில் சூடு தாங்காது. இந்தப் பாதையின் மிகப் பழைய பகுதி 1890இல் ஸ்ரொக்வெல்லிலிருந்து நகரத்துக்குள் ஓடியது. ஆழ் சுரங்கத்தில் மின்சாரத்தால் ஓடிய உலகின் முதல் பெரிய ரயில் அதுதான். வண்டியின் உடம்பை ஒட்டியே குழாய்போலக் குடைந்திருக்கிறார்கள். அதனால் கதவோரம் நிற்கும் உயரமானவர்கள் தலையைச் சாய்த்தே நிற்க வேண்டும். மோட்டாரும் பிரேக்கும் கக்கிய சூட்டைச் சுற்றியுள்ள களிமண் நூறு வருடத்துக்கு மேலாக வாங்கி வைத்திருக்கிறது. ஏசி பூட்டினால் அதன் சூட்டை வெளியேற்றவும் சுரங்கத்தில் இடம் இல்லை. ஈஸ்ட்ஹாம் பக்கம் போகும் டிஸ்ரிக்ற் லைன் மேலோட்டமான அகலச் சுரங்கத்தில் ஓடுவதால் அந்த வண்டிகளில் ஏசி உண்டு. நோர்தேர்னில் ஏறினால் தண்ணீர்ப் போத்தல் கட்டாயம்.

அடுத்தது கிளப்பம் கொமன் நிலையம். ஒடுங்கிய ஒரே மேடை, இரண்டு பக்கமும் தண்டவாளம். காலை எட்டு மணிக்கு அங்கே நடுவில்தான் நிற்க வேண்டும். ஏதாவது தண்டவாளத்தில் விழுந்தால் இறங்கவே கூடாது, அங்கே மின்சாரம் ஓடும் தண்டவாளங்கள் தனியாக இருக்கின்றன. ஊழியரிடம் சொன்னால் எடுத்துத் தருவார்கள். லிப்ட் இல்லாத நிலையங்களும் நிறைய. பெரிய சூட்கேசோடு போகிறவர்கள் முதலே வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிக்கற் விசயத்தில் பெரிய சிக்கல் இல்லை. 2003இல் வாசலில் தட்டிக் கட்டணம் செலுத்தும் ஒய்ஸ்டர் அட்டை வந்தது, 2014இலிருந்து வங்கி அட்டையையே தட்டலாம். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் கழிக்காது என்ற உச்சவரம்பும் உண்டு. ஆனால் வெளியே வரும்போதும் தட்டவேண்டும், மறந்தால் கூடிய கட்டணம் கழிந்துவிடும்.

கடைசி ஆண்டில் பார்த்த ஒன்றை மறக்க முடியாது. 2022 ஜனவரி நடுப்பகுதியில் பாங்க் நிலையத்தில் புதுச் சுரங்கத்தை இணைப்பதற்காகப் பாதையின் ஒரு கிளையில் ஒரு பகுதியை 17 கிழமைகளுக்கு மூடினார்கள். எப்போது திறப்போம் என்று முதலே சொன்னார்கள். சொன்னபடியே மே நடுவில் திறந்தார்கள். நான் அதுவரை வோட்டர்லூ வழியாகச் சுற்றிப் போனேன். திறந்த கிழமையே போய்ப் பார்த்தேன். தெற்கே போகும் வண்டிக்குப் புது மேடை, பழைய மேடை இருந்த இடம் நடக்கிற அகலக் கூடம். முன்பு தோளோடு தோள் முட்டிய இடத்தில் கைவீசி நடந்தேன்.

மருமகளுக்கும் ரூட்டிங்கில்தான் அறை கிடைத்திருக்கிறது. எட்டு மணிக்கு அங்கே ஏறினால் இருக்க இடம் கிடைக்காது, ஏழுக்கு முன்னால் போ என்றேன். "அப்ப ஆறு மணிக்கே எழும்பவேணுமே?" என்றாள். ஓம் என்றேன்.