கம்பூட்ஸுக்குள்ள மோஹேர் சாக்ஸ்: பால் வெட்டுறவங்களுக்கு கொள்ளாம்

குமரி மாவட்டத்துல குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டுக்கு போறவங்க யாருக்காவது சேத்துப்புண் விடாம தொல்லை பண்ணுச்சுன்னா இத முழுசா வாசிங்க. மோஹேர் சாக்ஸ கம்பூட்ஸுக்குள்ள, அதான் உயரமான ரப்பர் பூட்ஸுக்குள்ள, போட்டு மழைக்காலம் முழுக்க வேலை பாத்தாச்சு, நல்ல சாமான், தைரியமா வாங்கலாம்.

மோஹேர்னா அங்கோரா ஆட்டு முடி. ஆடு துருக்கியில அங்காரா பக்கத்து இனம், ஆனா இப்பம் முடி ஜாஸ்தியா வர்றது தென்னாப்பிரிக்காவுல இருந்து. என் மச்சான் கப்பல்ல வேலை பாக்கான், அங்க போர்ட் எலிசபெத்ல (இப்பம் அந்த ஊர் பேரு கெபெர்ஹா) இறங்கினப்போ வாங்கிட்டு வந்தான், மோஹேர் வியாபாரத்துக்கு பேர் போன ஊரே அதுதான்.

நமக்கு வெளுப்புக்கு முன்னாடியே தோட்டத்துல ஏறணும், மரத்துல வெட்டுற இடம் நனையாம ரெயின்கார்டுன்னு பிளாஸ்டிக் மறைப்பு போட்டுட்டா மழைக்காலத்துலயும் வெட்டு உண்டு, புல்லு பூரா வெள்ளம், அட்டை வேற, அதனால கம்பூட்ஸ கழத்தவே முடியாது, உள்ள வேர்வை போக வழியே இல்ல. காட்டன் சாக்ஸ் அந்த வேர்வைய குடிச்சிட்டு தோலோட அப்படியே ஒட்டிக்கிடும், தோல் ஊறி வெளுத்து வெடிக்கும். ஆட்டு முடி அப்படி இல்ல, ஈரத்த முடிக்கு உள்ளயே இழுத்து வச்சுக்கும், கிட்டத்தட்ட தன் எடையில 30% வரை ஈரம் ஏறினாலும் கைக்கு நனஞ்ச மாதிரியே தெரியாது. நாத்தமும் ரொம்ப கொறவு. மோஹேர் முடி மேல இருக்குற செதில் கம்பளி மாதிரி தூக்கிட்டு நிக்காம படிஞ்சு கிடக்கும், அதனாலதான் வழுவழுன்னு இருக்கு, அரிப்பு இல்ல, துவைச்சா சுருங்கி கட்டியாகவும் செய்யாது. எனக்கு விரலிடுக்கு புண்ணு ஆறிட்டு, திரும்ப வரல்ல.

வாங்கும்போது கிட் மோஹேர்னு போட்டிருக்கான்னு பாருங்க. குட்டி ஆட்டோட முடி சுமார் 25 மைக்ரான் தடிமன் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), வயசாக ஆக 30-க்கு மேல தடிச்சிரும், அது காலுக்கு சொரசொரப்பு. நைலான் கலந்திருக்கேன்னு வருத்தப்படாதீங்க, மோஹேருக்கு இழுவை கம்மி, நைலான், எலாஸ்டிக் இல்லன்னா சாக்ஸ் கீழ வழுகிரும். பஷ்மினான்னு காஷ்மீர் பக்கத்து ஆட்டு முடி ஒண்ணு உண்டு, அது இதவிட மெல்லிசு, ஆனா கம்பூட்ஸ் உரசலுக்கு தாங்காது.

ஆன்லைன்ல மோஹேர்னு சொல்லி ஒரு கடையில வாங்கினது வெறும் அக்ரிலிக், அதாவது செயற்கை நூல். கண்டுபிடிக்க லேசான வழி இருக்கு, ஒரு இழைய பிச்சு தீயில காட்டுங்க, ஆட்டு முடின்னா தலைமுடி கருகுன வாடை வரும், அக்ரிலிக்னா உருகி கட்டியா உறைஞ்சிரும்.

குறைன்னா விலைதான். ஒரு ஜோடி காசுக்கு இங்க காட்டன் சாக்ஸ் ஒரு கட்டே வாங்கலாம். அடைமழையில காயவும் நேரமாகும், ரெண்டு ஜோடி இருந்தாதான் மாத்தி மாத்தி போட முடியும். பச்சவெள்ளத்துல, அதான் சுடவைக்காத தண்ணியில, கொஞ்சம் ஷாம்பு போட்டு அலசுங்க, முறுக்கி பிழியாம நிழல்ல போடுங்க. எடுத்து வைக்கும்போது அந்துருண்டை போடணும், இல்லன்னா பூச்சி அரிச்சிரும்.

சாக்ஸ பாத்த பக்கத்து வீட்டு அண்ணன் இந்த ஆட்ட நம்ம ஊர்லயே வளக்கலாமேன்னு கேட்டாரு. வருசத்துக்கு ரெண்டு தடவ முடி வெட்டலாம், மாசம் சுமார் 2 சென்டிமீட்டர் வளரும், கேக்க ஆசையாத்தான் இருக்கு. ஆனா அது காய்ஞ்ச பூமி ஆடு. முடி வெட்டின கையோட மழையில நனஞ்சா குளிர் தாங்காம செத்துப்போகும், குடல்புழுவும் ஜாஸ்தி ஏறும். தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு மழையும் அடிக்கிற நம்ம மாவட்டத்துல அந்த ஆட்ட கட்டி கஷ்டப்படுத்த வேண்டாம், இங்க இறைச்சிக்கு நாட்டு ஆடே போதும்னுதான் அவருகிட்டயும் சொன்னேன்.

சாக்ஸ் கம்பூட்ஸோட விளிம்புக்கு மேல ஒரு சாண் நிக்கிற நீளத்துல எடுங்க. தடிமனா இருக்கும், அதனால புதுசா கம்பூட்ஸ் வாங்குறவங்க ஒரு சைஸ் கூட்டி வாங்கிக்கிடுங்க.