பாலாற்றுப் பாலமும் பதினெட்டு மாதக் கவுன்சலிங்கும்

காட்பாடியிலிருந்து வேலூர் போகும் டவுன் பஸ்ஸில், பாலாற்றுப் பாலத்தின் மேல்தான் எனக்கு முதல்முறை வந்தது. நெஞ்சு படபடத்தது, கை விறைத்தது, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். ஈசிஜியில் ஒன்றுமில்லை. பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று உச்சத்துக்குப் போகும் பயம் என்றார்கள்.

முதலில் கவுன்சலிங் போன இடத்தில் ஒரு வாரம் மூச்சுப் பயிற்சி, மறுவாரம் சின்ன வயசுக் கதை. எது எதற்கு என்று கேட்டால், "எல்லாம் கலந்துதாம்மா." ஐந்தாவது வாரம் நிறுத்திவிட்டேன்.

இரண்டாவதாகப் பார்த்த உளவியலாளர் சிபிடி முறையில், அதாவது எண்ணத்தையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்கும் சிகிச்சையில், ஆரம்பித்தார். பயத்தைப் படிப்படியாகச் சந்திக்க வேண்டும்: முதலில் ஸ்டாப்பில் நிற்பது, அப்புறம் ஒரு ஸ்டாப் தூரம், கடைசியாகப் பாலம். படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். நடுவில் இறங்கி ஓடாமல் இருந்தால்தான் அது புரியும். அங்கே உட்கார்ந்து கேட்கும்போது எல்லாம் சரி. வீட்டுக்கு வந்தால், பஸ்ஸே வேண்டாம் என்று கணவர் என்னைக் கூட்டிப்போக பைக்கை எடுத்துவிடுவார். அத்தை (மாமியார்) தண்ணீர் பாட்டிலோடு கூடவே கிளம்புவார். மூன்று மாதம் இப்படியே போனது.

அதனால்தான் குடும்பத்தோடு வரச் சொன்னார். "எனக்கென்ன பைத்தியமா?" என்றார் அத்தை. 1957இல் தொடங்கிய பாகாயம் மனநல மருத்துவமனையில் நோயாளியோடு வீட்டாரும் தங்குவது வழக்கம். மகனோடு அங்கே தங்கியிருந்த பக்கத்துத் தெருப் பாட்டி சொன்ன பிறகே அத்தை செருப்பை மாட்டினார்.

நடுவில் உட்கார்ந்திருந்த கணவரை எழுப்பி ஓரமாக உட்காரவைத்து, அத்தையையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரச் சொன்னார் உளவியலாளர். இப்படி இடம் மாற்றுவது குடும்ப சிகிச்சை முன்னோடி சால்வடோர் மினுசின் வழிவந்த முறையாம். அப்புறம் மூன்று தலைமுறைக்குக் குடும்பப் படம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மாமனாரின் சதுரத்துக்குக் கீழே அத்தையே சொல்லிச் சொல்லி எழுதவைத்தார்: மாரடைப்பு, ஆற்காடு பஸ்ஸில். எட்டு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன், மாரடைப்பு தெரியும், பஸ் தெரியாது. நான் நெஞ்சைப் பிடிக்கும்போதெல்லாம் அத்தைக்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று அன்றுதான் உறைத்தது.

ஒரு குறை. வேலைக்குப் போகும் ஆசையைத் தனியாகச் சொல்லியிருந்தேன். அது குடும்ப அமர்வில் வெளியே வந்துவிட்டது. வீட்டில் இரண்டு வாரம் பேச்சில்லை. தனியாகச் சொல்வதில் எதை அங்கே பேசலாம், எதைக் கூடாது என்று முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.

இப்போது தனியாகப் போகிறேன். பைக் கிடையாது, நடுவில் போன் கிடையாது என்பது எங்கள் ஒப்பந்தம். ஆனாலும் சரியாகப் பாலத்தின் மேல் போகும்போது வீட்டிலிருந்து போன் அடிக்கும். "தாண்டிட்டியா?" இதை மட்டும் நான் உளவியலாளரிடம் சொல்லவில்லை.