கார்புரேட்டர் மாருதி 800: ஸ்டீல் ஹோஸும் எஸ்.எஸ். சைலன்சரும் காசுக்குத் தகுமா?

பழைய 800 வைத்திருப்பவர் தலையில் கடைக்காரர்கள் கட்டப் பார்க்கும் சாமான்கள் இரண்டு: ஸ்டீல் பின்னல் போட்ட பிரேக் ஹோஸ் (வீலுக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் வளையும் குழாய்), எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சைலன்சர். ஹோஸ் மோசமில்லை, ஆனால் அவசரமும் இல்லை. சைலன்சரை வாங்கலாம், தகட்டைச் சோதித்த பிறகு. இரண்டுக்கும் முன்னால் காலிப்பர் கிட் (முன் டிஸ்க் பிரேக்கின் ரப்பர் சாமான்கள்), வீல் சிலிண்டர் கிட் (பின் டிரம் பிரேக்குக்கு அதே), புது பிரேக் ஆயில் வாங்குங்கள். அவை இல்லாமல் ஸ்டீல் ஹோஸ் மாட்டுவது ஓட்டை வாளிக்குப் பித்தளைக் கைப்பிடி.

பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்திருக்கும். மிதிக்கும் வேகத்தில் ஆயில் போய்விடும், காலை எடுத்தால் திரும்பாது. அந்த வீல் மட்டும் கொதிக்கும். ஜாக்கியில் தூக்கி, பிரேக்கை மிதித்து விட்டு, வீலைச் சுற்றிப் பாருங்கள். இறுகி நின்றால் காலிப்பர் நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகை, தளர்த்துங்கள். வீல் உடனே விட்டால் கோளாறு ஹோஸில். விடாவிட்டால் பேடை அழுத்தும் பிஸ்டனோ, காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னோ துருப்பிடித்துப் பிடிக்கிறது. உள்பக்கப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின், பிஸ்டன் இரண்டையும் பாருங்கள். முன்னால் இரண்டு வீலும் ஒன்றுபோல் பிடித்தால், பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குத் தரும் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள்.

ஹோஸ் உப்பியது உறுதியானால், தரமான புது ரப்பர் ஹோஸே போதும். 800-இன் எடைக்கும் வேகத்துக்கும் ஸ்டீல் பின்னல் தரும் கூடுதல் இறுக்கம் காலுக்குக் கொஞ்சம்தான் தெரியும். மாட்டுவதாக இருந்தால் பிளாஸ்டிக் உறை போட்டதையே வாங்குங்கள். வெறும் பின்னல் உரசும் இடத்தை அரம்போல் அறுக்கும். ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, டயரில் படுகிறதா என்று பாருங்கள். ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் இரு காப்பர் வாஷரும் புதிதாக இருக்கவேண்டும்.

பிரேக் ஆயிலின் தர வகைகளில் டாட் 3 புதிதில் 205 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், டாட் 4 230-இல். ஈரம் ஏறிய பிறகு முறையே 140, 155. டாட் 4 போடுங்கள், அரை லிட்டர் போதும். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கக் கூடாது. ரப்பர் சாமான்களை பெட்ரோலில் கழுவினால் உப்பிவிடும். சாதா கிரீஸும் ஆகாது, ரப்பர் கிரீஸ்தான்.

பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிக்கவே கூடாது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் உள்ளிருக்கும் ரப்பர் கப் வழக்கமாகப் போகாத பகுதியில் துருவும் கசடும் இருக்கும். அங்கே போனால் கப் கிழியும். மறுநாள் பெடல் மெல்ல இறங்கும், பழி புதுக் கிட் மேல் விழும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்தால் இந்த வம்பு இல்லை.

இனி சைலன்சர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அது ஆவியாகி வெளியேறாமல் உள்ளேயே தங்கி அரிக்கும். அதனால் எஸ்.எஸ். நியாயமான செலவுதான். ஆனால் '304' என்ற நல்ல ரகம் என்று சொல்லி, மட்டமான 202 ரகத் தகட்டைத் தருவது சாதாரணம். இரண்டிலும் காந்தம் ஒட்டாது, காந்தச் சோதனை இங்கே செல்லாது. பாத்திர வியாபாரிகள் வைத்திருக்கும் சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். காந்தம் ஒட்டும் 409 என்ற இன்னொரு எஸ்.எஸ். ரகம் மேலே பழுப்பேறும், உள்ளே தாங்கும். அதை மட்டம் என்று தள்ளவேண்டாம்.

பெரிய விட்டக் குழாய் 796 சிசி எஞ்சினுக்குச் சத்தம் மட்டுமே தரும், கீழ் வேக இழுவை குறையும். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அதை வெட்டிவிட்டு வெறும் குழாய் ஒட்டச் சொல்லும் கடையைத் தவிர்த்துவிடுங்கள்: பிஎஸ் 2 (பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகை விதி) வண்டிக்குப் புகைச் சான்றில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.5 சதவீதம், அதற்கு முந்தையவற்றுக்கு 3.

மாட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு, ஈரத்துணியால் குழாய் வாயைச் சில நொடி அடையுங்கள். மூட்டுகளில் 'உஸ்' கேட்டால் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. விட்டுவைத்தால் டிக்கி ரப்பர் இடுக்கு வழியாகப் புகை உள்ளே வரும். தொங்கவிடும் ரப்பர்களையும் சேர்த்து மாற்றுங்கள். பெரும்பாலான கடைகளில் அவை சைலன்சரோடு வருவதில்லை, தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.