டேங்க்கா, டெயிலா, ஹெல்மெட்டா: பந்தய பைக்கில் கேமராவை எங்கே வைப்பது?

நெல்லைச் சீமையில் ரேஸ் ட்ராக் கிடையாது. பைக்கை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு கோவை செட்டிபாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ, சென்னையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டைக்கோ போக வேண்டும். ராத்திரி முழுக்கப் பயணம் செய்து போய், பகல் முழுக்க நின்றாலும், ட்ராக்கில் ஓடுவது ஒரு மணி நேரம் தேறினால் பெரிது. அந்த ஒரு மணி நேரத்தை ஊருக்குக் கொண்டுவந்து மாதக்கணக்கில் பார்த்துப் படிக்கத்தான் எனக்குக் கேமரா. கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான். ரீல்ஸுக்கு எது அழகு என்பது வேறு கதை.

பலரும் முதலில் ஒட்டுவது ஹெல்மெட்டின் தாடையில். தலை எந்தப் பக்கம் எப்போது திரும்புகிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும். ஆனால் விழுந்து உருளும்போது துருத்திக்கொண்டிருக்கும் எதுவும் தரையில் சிக்கிக் கழுத்தைத் திருப்பிவிடலாம். மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.எம். சாலைப் பந்தயங்களில் ஹெல்மெட் கேமராவை அனுமதிப்பதில்லை. பயிற்சி நாளில் யாரும் கேட்கவில்லை என்றாலும் வேண்டாம் என்றே சொல்வேன்.

டேங்க் மேல் வைத்தால் மீட்டர் தெரியும், கியர் தெரியும், பிரேக் விரல்கள் தெரியும். சிக்கல் அதிர்வுதான். கேமராவின் சென்சார் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பிடிப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. நாங்கள் ஓட்டும் ஒற்றை சிலிண்டர் வண்டி மேல் ஆர்.பி.எம்.மில் நடுங்கும்போது ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு இடத்தில் விழுந்து, ட்ராக்கே ஜெல்லி மாதிரி நெளியும். நல்ல வெயிலில் ஷட்டர் வேகம் கூடுவதால் நெளிவு இன்னும் பளிச்சென்று தெரியும். லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடியான என்.டி. ஃபில்டர் ஒன்று போட்டால் ஓரளவு அடங்கும்.

என் ஓட்டு டெயிலுக்கு. பின்சீட் கவர் மேல் முன்னோக்கி வைத்த கேமராவில் ஓட்டுபவரின் முதுகு, முழங்கால், தலை எல்லாம் விழும். வளைவுகளில் முழங்கால் போதுமான அளவு இறங்கவில்லை என்று நான் ரொம்ப நாள் கவலைப்பட்டிருக்கிறேன். டெயில் வீடியோவைப் பார்த்தால் இடுப்பு நன்றாகவே நகர்கிறது, தலை மட்டும் டேங்க்கின் நடுவிலேயே நிற்கிறது. மேலுடம்பு உள்ளே வராததால் அதே வேகத்துக்கு பைக்கைக் கூடுதலாகச் சாய்க்க வேண்டியிருந்தது. வேறு எந்த இடத்தில் வைத்திருந்தாலும் இது எனக்குத் தெரிந்திருக்காது.

சத்தமும் அங்கேதான் உருப்படியாகக் கிடைக்கும். உடம்பு காற்றை மறைப்பதால் எக்ஸாஸ்ட் ஒலி சுத்தமாகப் பதிவாகிறது. பிரேக்கை விட்டதற்கும் த்ராட்டிலைத் திறந்ததற்கும் நடுவே வண்டி சும்மா உருளும் நேரத்தைக் காதாலேயே பிடிக்கலாம். வினாடிக்கு 60 ஃப்ரேம் வைத்துப் பதிவு செய்தால் எண்ணியே சொல்லலாம்: 108 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஃப்ரேமுக்கு வண்டி அரை மீட்டர் நகர்கிறது. படத்தின் ஆட்டத்தைக் கேமராவே சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். அப்போது அடிவானம் திரையில் எவ்வளவு சாய்கிறதோ, ஏறக்குறைய அதுவே பைக்கின் சாய்வு. பிள்ளைகளின் பாகைமானியை வைத்து அளந்து பார்த்திருக்கிறேன்.

சரி, எந்தக் கேமரா? டெயிலுக்கு கோப்ரோ ஹீரோ 13 மாதிரிப் பெரியதுதான். 159 கிராம் எடை, பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம், ஜி.பி.எஸ். இருப்பதால் வேகத்தையும் பாதையையும் படத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். பழையதை வாங்குகிறவர்கள் கவனியுங்கள்: ஹீரோ 11-ல் ஜி.பி.எஸ். உண்டு, 12-ல் கிடையாது. இன்ஸ்டா360 கோ 3எஸ் கட்டைவிரல் அளவுதான், சுமார் 40 கிராம். ஆனால் அதில் பேட்டரியைக் கழற்ற முடியாது, மெமரி கார்டும் போட முடியாது. 360 டிகிரி கேமராவில் முன்னும் பின்னும் ஒன்றாகப் பதிவாகும் என்றாலும், லென்ஸ் இருபுறமும் பிதுங்கி நிற்பதால் விழுந்தால் முதலில் அடிபடுவது அதுதான்.

மண்ணில் இந்தத் தீர்ப்பு அப்படியே மாறுகிறது. ராதாபுரம் பக்கம் நண்பரின் பனைவிளையை ஒட்டிய செம்மண் தரிசில் பயிற்சி எடுக்கிறோம். அங்கே டெயிலில் வைத்த கேமரா குதித்துக் குதித்து ஒன்றுக்கும் உதவாது. கால்களில் எழுந்து நின்று ஓட்டும்போது குலுக்கலை உடம்பு வாங்கிக்கொள்வதால், நெஞ்சுப் பட்டையில் மாட்டிய சின்னக் கேமராதான் நிதானமான படம் தருகிறது. விழுந்தால் நெஞ்சில் அழுத்தும் எடையும் குறைவு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும்போது மைக்கை நம்ப வேண்டாம். புழுதி நுழையாமல் சார்ஜ் மூடியைத் துடைத்துவிட்டு மூடுங்கள்.

எதை வாங்கினாலும் கேமராவை பைக்கோடோ உடம்போடோ கயிறு போட்டுக் கட்டாமல் ஓட்டாதீர்கள். ஒருமுறை நாங்கள் கட்ட மறந்து, செம்மண்ணில் புதைந்த சின்னக் கேமராவை நாலு பேர் சாயங்காலம் வரை தேடினோம். ட்ராக்கில் அது கழன்றால் பின்னால் வருகிறவரின் சக்கரத்துக்கு முன்னால்தான் விழும். ஒட்டுப் பட்டையை முந்தின நாளே ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள், மெல்லிய எஃகுக் கம்பியால் சீட் ஃப்ரேமோடு கட்டுங்கள், ட்ராக்கில் இறங்கும் முன் வண்டியைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் நீங்களாகவே காட்டி அனுமதி வாங்குங்கள்.