பெரிய ஆஸ்பத்திரியா, தெருமுனை கிளினிக்கா: பிசியோ மாணவர்கள் எங்கே போய் நின்று பார்ப்பது?

பரீட்சை முடிந்த கையோடு எனக்கு ஒரு கேள்வி வந்துவிடும். "அக்கா, ஒரு மாசம் லீவு இருக்கு. எங்கே போய் அப்சர்வேஷன் பண்ணலாம்?" கேட்பவர்கள் பெங்களூரில் அல்சூர், மர்பி டவுன் பக்கத்துப் பிள்ளைகள். பி.பி.டி. என்கிற பிசியோதெரபி பட்டப்படிப்பில் இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ படிப்பவர்கள். ராஜீவ் காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ் நான் படித்தபோது நாலு வருஷப் படிப்பு, அதன்மேல் 6 மாத இன்டர்ன்ஷிப். இன்டர்ன்ஷிப்பில் எந்த வார்டு, எந்தத் துறை என்று கல்லூரியே போஸ்டிங் போட்டுவிடும். அதற்கு முன்னால் லீவில் ஒரு பிசியோவின் பின்னால் போய் நின்று பார்ப்பது மட்டும் நாமே தேர்ந்தெடுப்பது. அதனால்தான் இந்தக் குழப்பம்.

பெங்களூரில் இதற்கு நாலு வழி உண்டு. பெரிய ஆஸ்பத்திரியின் பிசியோ டிபார்ட்மென்ட், தெருமுனை கிளினிக், விளையாட்டு வீரர்களுக்கான சென்டர், வீட்டுக்கே போய்ப் பார்ப்பவர்களின் ஹோம் விசிட். முதல் தடவையாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது கிளினிக். எல்லா கிளினிக்கும் அல்ல, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆஸ்பத்திரி. அங்கே கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது, அதை மறுக்கவே முடியாது. மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்த மறுநாளே ஒரு பெரியவரை வாக்கர் பிடிக்க வைத்து எழுப்பி நிறுத்துவார்கள். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நெஞ்சுச் சளியை இளக்கி எடுப்பார்கள். நோயாளியை உட்கார வைக்கும்போது பிசியோவின் ஒரு கண் மானிட்டரிலேயே இருக்கும். ஆக்சிஜன் அளவு இறங்கினால் பேச்சே இல்லாமல் மறுபடி சாய்த்துவிடுவார். காயத்திலிருந்து கசிவை வடிக்கும் குழாய், சிறுநீர்க் குழாய், ஐ.வி. லைன் எதுவும் இழுபடாமல் ஒரு ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பதைப் புத்தகம் கற்றுத் தராது. நரம்பு சம்பந்தப்பட்டது என்றால் நிம்ஹான்ஸ், எலும்பு முறிவு என்றால் ஜெயநகர் சஞ்சய் காந்தி ஆஸ்பத்திரி என்று நம் ஊரில் தனித்தனியாகவே பெரிய இடங்கள் இருக்கின்றன. பௌரிங், விக்டோரியா மாதிரி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தாலே எத்தனை வகை நோய் உண்டு என்று புரிந்துவிடும்.

ஆனால் இரண்டாம் வருஷப் பிள்ளைக்கு அங்கே ஒரு குறை இருக்கிறது. கதையின் நடுப்பக்கம் மட்டும்தான் கைக்கு வரும். மூட்டு மாற்றியவர் சில நாளில் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விடுவார். முழங்கால் 90 டிகிரி மடங்கியதா, அதைவிட முக்கியமாக முழுசாக நீண்டதா, படியேறினாரா என்பதெல்லாம் நமக்குத் தெரியாமலே போய்விடும். நான் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் நின்றேன். ஒரு கட்டிலைச் சுற்றி ஏழெட்டு மாணவர்கள். முன்னால் நிற்பவரின் முதுகுதான் பாதி நேரம் தெரியும். பிசியோக்களைக் குறை சொல்லமாட்டேன், அடுத்தடுத்த நோயாளி காத்திருக்கும்போது நமக்கு விளக்கிச் சொல்ல அவர்களுக்கு ஏது நேரம்?

சரி, கிளினிக்குக்கு வருவோம். மர்பி டவுனில் ஒரு சின்ன கிளினிக். இரண்டு கட்டில், நடுவில் ஒரு திரை, சுவரில் தோளுக்குப் பயிற்சி தரும் கப்பி, மூலையில் ஒரு மெழுகுத் தொட்டி. அவ்வளவுதான். ஆறு வாரம் தினமும் சாயங்காலம் அங்கே போய் நின்றேன். இரண்டாம் நாள் ஒரு அம்மா வந்தார். சர்க்கரை இருக்கிறது, வலது தோள் இறுகிப்போயிருக்கிறது. ஃப்ரோஸன் ஷோல்டர். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும் என்று பாடத்தில் படித்திருந்தேன். பிசியோ மெஷின் பக்கமே போகவில்லை. "ராத்திரி எந்தப் பக்கம் படுக்கிறீங்க? எந்த வேலை செய்ய முடியாம போனது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டார். "கொண்டை போட முடியலம்மா. மருமக கிட்ட தலையக் குடுக்க வேண்டியிருக்கு" என்றார் அந்த அம்மா.

பிசியோ அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு மூட்டு அசையும் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை வைத்து அளந்தார். கையை வெளிப்பக்கம் திருப்பும் அசைவு 15 டிகிரி. சாதாரணமாக அது 90 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். இந்த நோயில் முதலில் அடிபடுவது அந்த அசைவுதான். கொண்டை போடக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டுமென்றால் அதுதான் வேண்டும். படித்த வரியும் அந்த அம்மாவின் கவலையும் ஒன்றுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. ஆறு வாரத்தில் 35 டிகிரி வந்தது. விரல் காதுக்குப் பின்னால் போய்த் தொட்டது. கொண்டை இன்னும் வரவில்லை. இந்த நோய் தானாக இளகவே ஒன்றிரண்டு வருஷம் ஆகலாம். ஆனால் முதல் நாளிலிருந்து ஒரே ஆளை, ஒரே தோளை வாரம் வாரம் பார்த்தேன். எந்த வாரம் பயிற்சியை மாற்றினார், எந்த வாரம் வலி கூடியதென்று கையைத் தளர்த்திக்கொண்டார் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் பார்த்தவர்களில் ஒருவரைப் பற்றிக்கூட அப்படிச் சொல்ல முடியாது.

கிளினிக்கில் இன்னொன்றும் இருக்கிறது. வலியை மக்கள் என்ன வார்த்தையில் சொல்கிறார்கள் என்பதை அங்கேதான் காது கொடுத்துக் கேட்க முடியும். ஆஸ்பத்திரியில் நான் பார்த்த கேஸ் ஷீட்டில் 'லோ பேக் ஏக்' என்று ஒரு வரிதான் இருக்கும். கிளினிக்கில் அதே ஆள் "கடுக்குது", "இழுக்குது", "குடையுது", "மரத்துப்போகுது", "சுருக்குனு பிடிக்குது" என்பார். இடுப்பில் தொடங்கிக் கெண்டைக்கால் வரைக்கும் இழுத்து, கால் விரல் மரத்துப்போகிறது என்றால் நரம்பு அழுத்தப்படுகிறதா என்று பார்க்கத் தோன்ற வேண்டும். நாள் முழுக்க நின்றால் கடுக்கிறது என்பது வேறு சங்கதி. நம்மவர்கள் 'இடுப்பு' என்று சொல்லிவிட்டு எங்கே கை வைக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஒருவர் முதுகின் அடியைத் தொடுவார், இன்னொருவர் தொடை சேரும் இடத்தைத் தொடுவார்.

கன்னடமும் கொஞ்சம் வேண்டும். 'நோவு' நம்முடைய பழைய சொல்தான், அங்கே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. 'எட' என்றால் இடது என்று ஊகித்துவிடலாம். 'பல' என்றால் வலது. அதை 'பலம்' என்று புரிந்துகொண்டு தவறான காலைப் பிடித்த மாணவரைப் பார்த்திருக்கிறேன். 'மொணகாலு' (முழங்கால்), 'சொண்ட' (இடுப்பு), 'பெரளு' (விரல்) என்று பத்துச் சொல் கற்றுக்கொண்டு போனால் நோயாளி நம் முகத்தைப் பார்த்துப் பேசுவார்.

எல்லா கிளினிக்கும் அல்ல, பிறகு சொல்கிறேன் என்றேனே, இப்போது அது. மூன்றாம் வருஷம் வேறொரு கிளினிக்குக்கும் போனேன். அங்கே எல்லாருக்கும் ஒரே சிகிச்சை: பத்து நிமிஷம் ஐ.எஃப்.டி. என்கிற மின்சார சிகிச்சை, பத்து நிமிஷம் வலிக்கான அல்ட்ராசவுண்டு சிகிச்சை, அப்புறம் பில். பார்க்கப் போன என்னை இரண்டாம் நாளே மெஷின் மாட்டச் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் ஒரு பாட்டிக்கு முழங்கால் மேல்பக்கம் எஸ்.டபிள்யூ.டி. வைக்கச் சொன்னார்கள். மின்காந்த அலையால் உடம்பின் உள்ளே சூடேற்றும் மெஷின் அது. சுவிட்சில் கை வைக்கப் போனேன். "தொடையில ராட் வச்சிருக்காங்கம்மா, பரவாயில்லையா?" என்றார் பாட்டி. உடம்புக்குள் உலோகம் இருக்கும் இடத்தில் அந்த மெஷினை வைக்கவே கூடாது. சதை உள்ளேயே வெந்துபோகும். யாருமே அவரிடம் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது. மறுநாளிலிருந்து நான் அங்கே போகவில்லை.

ஆகவே ஒரு கிளினிக்கில் பெயர் கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கவனியுங்கள். புதிதாக வருபவரிடம் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள்? அளக்கிறார்களா? போகும்போது வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார்களா? "இவங்க ஸ்டூடன்ட், கூட நின்னு பார்க்கலாமா?" என்று நோயாளியிடம் அனுமதி கேட்கும் பிசியோ கிடைத்தால் விடாதீர்கள். வெறுமனே நின்று பார்ப்பதற்கு மாசத்துக்குச் சில ஆயிரம் கேட்கும் இடங்களும் உண்டு. என்னைக் கேட்டால், கொடுக்க வேண்டாம்.

விளையாட்டு சென்டர்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிரிக்கெட் அகாடமி, கெங்கேரிப் பக்கம் சாய் (இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம்) என்று இந்த ஊரில் வீரர்களுக்குப் பஞ்சமே இல்லை, அதனால் பிள்ளைகளுக்கு அங்கே ஓர் ஈர்ப்பு. ஆனால் ஏ.சி.எல். என்கிற முழங்கால் தசைநார் கிழிந்து ஆபரேஷன் செய்தவர் மறுபடி மைதானத்தில் இறங்க 9 மாதம் போல ஆகும். ஒரு மாச லீவில் அதில் ஒரு துண்டுதான் பார்ப்போம். ஒற்றைக் காலில் குதிக்க வைத்து இரண்டு காலையும் ஒப்பிடும் சோதனை ஏன் என்று புரிய அடிப்படை வேண்டும். நாலாம் வருஷத்தில் போங்கள்.

ஹோம் விசிட்டை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஒருமுறை ஸ்ட்ரோக் வந்த ஒருவர் வீட்டுக்கு எங்கள் சீனியருடன் போனேன். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, பாத்ரூம் வாசலில் ஒரு சாண் உயரப் படி. மனைவி அவரை எழுப்ப, செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தார். சீனியர் ஓடிப்போய்த் தடுத்தார். தசை தளர்ந்த தோளை அப்படி இழுத்தால் மூட்டு நழுவும். அன்றைக்குப் பயிற்சியே செய்யவில்லை. கையை இழுக்காமல், இடுப்பில் துணியைக் கட்டிப் பிடித்து, முட்டிக்கு முட்டி கொடுத்து எப்படி எழுப்புவது என்று அந்த அம்மாவையே ஐந்து தடவை செய்யச் சொன்னார். கட்டில் காலுக்கடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம். அந்த ஒரு மணி நேரத்தில் சீனியர் எதைப் பார்த்து எதை முடிவு செய்தார் என்பது எனக்கு வீடு திரும்பும்போது ஆட்டோவில்தான் விளங்கியது. கிளினிக்கில் ஆறு வாரம் நிற்காமல் போயிருந்தால் அதுவும் விளங்கியிருக்காது. ஒரு சாயங்காலத்தில் இரண்டு வீடு பார்த்தாலே பெரிது, மீதி நேரத்தை சில்க் போர்டு டிராஃபிக் தின்றுவிடும். பெண் பிள்ளைகள் பிசியோவுடன் சேர்ந்துதான் போக வேண்டும், எந்த வீடு என்று வீட்டில் சொல்லிவிட்டும் போக வேண்டும்.

இந்த லீவுக்குக் கேட்ட தங்கைக்கு நான் சொன்னது இதுதான். முதல் லீவில் கிளினிக், அடுத்த லீவில் ஆஸ்பத்திரி. நோட்டில் ஐந்தே ஐந்து நோயாளி, பெயர் எழுதாமல், வயசும் புகாரும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே. பக்கத்தில் வாரத்துக்கு ஒரு அளவு. நேற்று போன் செய்தாள். முதல் நோயாளி முழங்கால்வலிக்காரர், பூ கட்டுபவராம். "தரையில சம்மணம் போட்டு உட்காரணும்னு சொல்றாங்க அக்கா, அதை எப்படி அளக்கிறது?" என்று கேட்டாள்.