மேக்கினா தீவில் ஏழு குளிர்காலங்கள்: வீட்டுக்கு வராத தபாலும் அதை வாங்க வரும் ஊரும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹியூரான் ஏரியும் மிச்சிகன் ஏரியும் சந்திக்கும் நீரிணைக்கு அருகே இருக்கிறது மேக்கினா தீவு. 2017 மே மாதம் அங்கே ஒரு தங்கும் விடுதியின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த நான், 2024 அக்டோபரில் அங்கிருந்து கிளம்பினேன். இடையில் வந்த ஏழு குளிர்காலங்களையும் தீவிலேயே கழித்தேன். இரண்டு நாள் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்ட ஏராளமான குறிப்புகள் கிடைக்கின்றன. ஆண்டு முழுவதும் தங்கப் போகிறவர் தன் தபாலை எப்படிப் பெறுவார் என்பதைச் சொல்ல யாரும் கிடைக்காமல் முதல் ஆண்டில் நான் மிகவும் சிரமப்பட்டேன். அங்கே வேலைக்கோ குடியேறவோ போகிறவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மோட்டார் வண்டிகளுக்கு 1898 முதல் தடை விதித்திருக்கும் ஊர் இது. பரப்பளவு ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு மாநிலப் பூங்காவின் காடு. கரையை ஒட்டித் தீவைச் சுற்றிவரும் எம்-185 சாலை ஒரு மாநில நெடுஞ்சாலை என்றாலும் அதிலும் சைக்கிளும் குதிரையும் நடைபயணிகளும் மட்டுமே. 1957இல் திறக்கப்பட்ட மேக்கினா பாலம் மாநிலத்தின் இரண்டு தீபகற்பங்களை இணைக்கிறது. தீவை அது தொடுவதில்லை. ஆகவே ஒரு கடிதம் தீவுக்கு வர வேண்டுமென்றால் நீரின் மேல் வர வேண்டும், அல்லது வானத்தில் வர வேண்டும்.

வந்து சேர்ந்த கடிதம் யாருடைய வீட்டு வாசலுக்கும் போகாது. தபால்காரர் வீடு வீடாகச் செல்லும் வழக்கமே தீவில் இல்லை. மார்க்கெட் தெருவில் இருக்கும் அஞ்சல் அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட பெட்டி ஒன்று உண்டு. நாம்தான் நடந்து போய்த் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டு விநியோகத்துக்கு வழியில்லாத முகவரியில் வசிப்பவர்களுக்கு ஒரு பெட்டியைக் கட்டணமின்றி வழங்க அமெரிக்க அஞ்சல் துறையின் விதிகளில் இடம் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தோடு இரண்டு அடையாளச் சான்றுகள் காட்ட வேண்டும். அவற்றில் ஒன்றாவது நாம் வசிக்கும் இடத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்பதால், புதிதாக வருகிறவர்கள் வாடகை ஒப்பந்தத்தையோ வேலை தருபவரின் கடிதத்தையோ முதல் நாளே கையில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பெட்டி கிடைக்கும்வரை, நம் பெயருக்குக் கீழே ‘ஜெனரல் டெலிவரி’ என்று எழுதி ஊர்ப்பெயரைச் சேர்த்தால் போதும். வந்த கடிதத்தை 30 நாள் வரை கவுன்டரில் வைத்திருந்து, அடையாளம் பார்த்துக் கொடுப்பார்கள். என் முதல் மூன்று வாரக் கடிதங்கள் அப்படித்தான் வந்தன.

முகவரி எழுதும்போது ஜிப் கோடு எனப்படும் அஞ்சல் குறியீட்டு எண் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. நீரிணையின் தென்கரையில் இருக்கும் ஊரின் பெயர் மேக்கினா சிட்டி. ஆங்கில எழுத்தில் இரண்டு பெயர்களிலும் உள்ள ‘மேக்கினா’ என்ற சொல் கடைசி எழுத்தில் மட்டும் வேறுபடுகிறது. வாயால் சொன்னால் ஒரே ஒலி. தொலைபேசியில் முகவரியைக் கேட்டு எழுதிக்கொள்கிற எந்த அலுவலகமும் தவறு செய்யக்கூடிய இடம் இது. தீவுக்கு 49757, தென்கரை ஊருக்கு 49701. என் பல் மருத்துவக் கட்டணச் சீட்டு ஒன்று இந்தக் குழப்பத்தில் ஐந்து வாரம் சுற்றிவிட்டு, தாமதக் கட்டண எச்சரிக்கையோடு ஒரே நாளில் வந்து சேர்ந்தது. அதன்பிறகு ஊர்ப்பெயரைச் சொல்வதற்கு முன்பே ஜிப் கோடைச் சொல்லும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

கோடையில் சேவையைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. கரையிலிருந்து படகில் சுமார் 20 நிமிடம். துறையில் இறங்கும் சரக்கெல்லாம் இரண்டு பெரிய குதிரைகள் இழுக்கும் தட்டையான சரக்கு வண்டியில் ஏறும். ஊரில் அதற்கு ‘ட்ரே’ என்று பெயர். தனியார் கூரியர்களின் பெட்டிகளும், ஓட்டல்களுக்கான காய்கறியும், கட்டுமான மரமும் இந்த வண்டிகளில்தான் போகும். கரையிலிருக்கும் ஒரு சிற்றூருக்கு ஒரு கடிதம் எத்தனை நாளில் போகுமோ, அதைவிட ஒரு நாள்தான் கூடுதலாக ஆகும் என்பது என் அனுபவம். அதற்காக ஒரு காசும் அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. நான் போனபோது ஒரு சாதாரணக் கடிதத்துக்கு 49 சென்ட். கிளம்பும்போது 73 சென்ட். விலை ஏறியது எல்லோருக்கும் ஏறியது. டெட்ராய்ட் நகரத்தின் நடுவில் இருப்பவரும் பனிக்கு நடுவில் இருப்பவரும் ஒரே விலையில் தபால்தலை வாங்குகிறார்கள் என்பதை நான் மிகப் பெரிய விஷயமாக மதிக்கிறேன். தீவில் ஒரு லிட்டர் பால் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும். வேறெதுவும் அங்கே கரை விலைக்குக் கிடைப்பதில்லை.

குளிர்காலம் வேறு கணக்கு. அக்டோபர் முடியும்போது கடைகள் சாத்தப்படும். கோடையில் இருக்கும் சுமார் 500 குதிரைகளில் பெரும்பாலானவை படகேறிக் கரையிலுள்ள பண்ணைகளுக்குப் போய்விடும். வடகரையிலிருக்கும் செயின்ட் இக்னேஸிலிருந்து மட்டும், ஏரி உறையும்வரை படகு ஓடும். பனி கெட்டியானதும் சிறிய விமானங்கள்தான் மிச்சம். பறக்கும் நேரம் சில நிமிடங்களே என்றாலும், மூடுபனியோ குறுக்குக் காற்றோ வந்தால் அந்தச் சில நிமிடங்கள் மூன்று நாளாக நீளும். தபால் பை வந்துவிட்டதா என்பதை அறிய அஞ்சல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்க வேண்டியதில்லை; விமானத்தின் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். அரை மணி நேரம் கழித்துப் புறப்பட்டால் சரியாக இருக்கும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

கடுங்குளிர் வாய்க்கும் ஆண்டுகளில் தீவுக்கும் செயின்ட் இக்னேஸுக்கும் இடையே ஏரி முழுவதும் உறைந்து பனிப்பாலம் அமையும். கிறிஸ்துமஸ் முடிந்து வீடுகளிலிருந்து வெளியே போடப்படும் மரங்களை வரிசையாக நட்டு அதில் பாதை குறிப்பார்கள். பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலில் (குளிர்காலத்தில் அதற்கு விலக்கு உண்டு) கரைக்குப் போய் மளிகை வாங்கி வரலாம். அதை நம்பி எதையும் திட்டமிடக் கூடாது. 2023-24 குளிர்காலத்தில் பேரேரிகளில் பனி படர்ந்த பரப்பு மிகவும் குறைந்துபோனது. எங்கள் மரங்கள் வாசலிலேயே காய்ந்தன. ரத்த அழுத்த மாத்திரைகளைத் தபாலில் வாங்கிக்கொண்டிருந்த நான், டிசம்பர் முதல் மார்ச் வரை எப்போதும் ஒரு மாத மாத்திரையைக் கூடுதலாகக் கையிருப்பில் வைத்திருந்தேன். அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அஞ்சல் துறையால் நான் பட்ட சிரமம் மிகக் குறைவு. உண்மையான தலைவலி, வீடு என்றால் வாசலில் தபால்பெட்டி இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கும் மற்ற நிறுவனங்களால் வந்தது. கணக்குத் தொடங்குபவரின் வசிப்பிடத் தெரு முகவரியைப் பெற வேண்டும் என்று வங்கிகளுக்குச் சட்டம் கட்டளையிடுகிறது. பெட்டி எண்ணை மட்டும் அவர்கள் ஏற்க முடியாது. தெரு முகவரியைக் கொடுத்தால் கடன் அட்டையை அந்த முகவரிக்கு அனுப்புவார்கள். அந்த முகவரியில் தபால் வாங்க யாரும் இல்லை என்பதால் அது திரும்பிப் போகும். ஒரு வங்கி என் அட்டையை மூன்று முறை அனுப்பி, மூன்று முறையும் திரும்பி வந்ததைக் காரணம் காட்டி என் கணக்கை முடக்கியது. ஐந்து மாதச் சம்பளம் அதில் இருந்தது. நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேன், கடிதம்தான் அங்கே வராது என்று விளக்க எனக்கு ஆறு தொலைபேசி அழைப்புகள் தேவைப்பட்டன.

இணையக் கடைகளின் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. தனியார் கூரியர் பெட்டி எண்ணுக்குக் கொண்டுவராது. அஞ்சல் துறை தெரு முகவரிக்குக் கொண்டுவராது. பொருளை எதன் வழியாக அனுப்புவார்கள் என்பது வாங்கும்போது தெரிவதில்லை. எனக்குக் கடைசிவரை உதவியது ஒரு சிறிய நுணுக்கம். ஊர்ப்பெயரும் ஜிப் கோடும் இருக்கும் வரிக்கு நேர் மேலே எது எழுதப்பட்டிருக்கிறதோ, அந்த இடத்துக்குத்தான் அஞ்சல் துறை கொண்டு சேர்க்கும். ஆகவே தெரு முகவரியை முதல் வரியிலும், பெட்டி எண்ணை அதற்கடுத்த வரியிலும் எழுதினால் இரு தரப்பாருக்கும் வேண்டியது கிடைத்துவிடுகிறது. சில கடைகளின் படிவங்கள் பெட்டி எண்ணைக் கண்டதும் சிவப்பில் எச்சரிக்கை காட்டி நிறுத்திவிடும். அங்கே நான் வாங்குவதை விட்டுவிட்டேன்.

இந்த முகவரிச் சிக்கல், தீவில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்ற கேள்விக்குள்ளும் நுழைகிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தீவின் மக்கள் 492 பேர். 2020இல் 583 பேர். கூட்டம் மிகுந்த கோடை நாளொன்றில் 15,000 பயணிகள் வரை வந்து போகும் ஊர் அது. கணக்கெடுப்பின் அளவுகோல் ஏப்ரல் 1ஆம் தேதி. அன்றைய நிலையில் ஆண்டின் பெரும்பகுதி எங்கே உறங்குகிறாரோ அங்கேதான் ஒருவர் எண்ணப்படுவார். ஏப்ரல் முதல் நாளில் தீவில் இன்னும் பனி உருகியிருக்காது. குன்றின் மேலிருக்கும் பெரிய கோடை இல்லங்களெல்லாம், பருவகாலப் பயன்பாட்டுக்கான காலி வீடுகள் என்ற தலைப்பில் போய்ச் சேரும். கோடை முழுவதும் ஊரைத் தாங்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அன்றைக்கு விமானமே ஏறியிருக்க மாட்டார்கள்.

கணக்கெடுப்புத் துறையும் அஞ்சல் பெட்டி எண்ணுக்குப் படிவம் அனுப்புவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது மனிதர் வசிக்கும் கட்டடம். 2020இல் நாட்டின் பெரும்பாலான வீடுகளுக்கு அழைப்புக் கடிதம் தபாலில் போனது. வீட்டுக்குத் தபால் போகாத பகுதிகளில் பணியாளர்கள் நேரில் வந்து படிவத்தை வாசலில் வைத்துவிட்டுப் போகும் முறை இருந்தது. அந்தப் பணி மார்ச் 15 அன்று தொடங்கி, கொரோனா பரவியதால் சில நாட்களிலேயே நாடு முழுவதும் நிறுத்தப்பட்டு, மே மாதத்தில்தான் படிப்படியாகத் தொடர்ந்தது. எங்களில் சிலர் படிவத்துக்குக் காத்திருக்காமல் இணையத்திலேயே பதிலளித்தோம். 583 என்ற எண்ணைப் படிக்கிற ஒவ்வொரு முறையும், அதில் ஒன்று நான் என்று எனக்குத் தோன்றும்.

அந்த எண்ணைவிட முழுமையான குடிமதிப்பை நான் அஞ்சல் அலுவலக வரிசையில் பார்த்தேன். பிப்ரவரியில் அங்கே நிற்பவர்கள் தச்சர்கள், படகோட்டிகள், குதிரை பராமரிப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள். அவர்களில் பலர், ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இத்தீவைப் புனித இடமாகக் கொண்டிருந்த ஒடாவா, ஒஜிப்வே மக்களின் வழித்தோன்றல்கள். ஒரே வரிசையில் பள்ளியின் நிலவரம், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டை விற்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். மழலை வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை ஒரே பள்ளி. வாடகைக்கு வீடு கிடைக்காமல் ஒரு குடும்பம் கரைக்குப் போனால், அடுத்த நாள் ஒரு வகுப்பறையில் அது தெரியும். கோடை இல்லங்களாலும் ஊழியர் விடுதிகளாலும் ஆண்டு முழுவதும் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் அரிதாகிவிட்டன என்பதுதான் அங்கே நான் கண்ட மிகப் பெரிய கவலை.

மே மாதத்தில் வரிசை மாறும். ஜமைக்கா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து பருவகால விசாவில் வருகிறவர்களும், கோடை வேலைக்கு வரும் கல்லூரி மாணவர்களும் சேர்ந்துகொள்வார்கள். முதல் முறை அமெரிக்கா வருகிறவருக்கு, சம்பளத்துக்கும் வரிக்கும் தேவைப்படும் சமூகப் பாதுகாப்பு எண் அட்டை தபாலில்தான் வர வேண்டும். சம்பளப் பட்டியலைத் தயாரிப்பவன் என்பதால் அந்த உறைக்காக அவர்களைப் போலவே நானும் காத்திருப்பேன். ஒரு ஜமைக்கா சமையல்காரர் பன்னிரண்டு நாள் தொடர்ந்து வந்து வெறுங்கையோடு திரும்பி, பதின்மூன்றாம் நாள் உறையைப் பிரிக்காமல் என் மேசைக்கே கொண்டுவந்தார். இப்படி வருகிறவர்களுக்கு நான் சொல்வது: விண்ணப்பத்தில் வேலை தருபவரின் பெட்டி எண்ணைத் தெளிவாக எழுதி, உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். பல நூறு பேரின் கடிதங்கள் ஒரே பெட்டிக்கு வரும் இடத்தில், பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் உறை யாருடையது என்று தேட நேரிடும்.

செப்டம்பர் இறுதியில் முகவரி மாற்றப் படிவங்களின் காலம் தொடங்கும். தற்காலிக மாற்றத்தைக் குறைந்தது 15 நாளுக்கும் அதிகபட்சம் ஓராண்டுக்கும் பதிவு செய்யலாம். சாதாரணக் கடிதங்கள் கட்டணமின்றிப் பின்தொடர்ந்து வரும், விளம்பரத் தபால்கள் வராது. கோடை இல்லத்தார் தெற்கே போகும்போது இதைச் செய்துவிடுகிறார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களில் பலர் செய்வதில்லை. அதனால் ஜனவரியில் வரும் வருமான வரிச் சான்று அவர்களுக்குப் போய்ச் சேராமல் நிற்கும். கடைசி மூன்று ஆண்டுகளில், கிளம்புகிற ஒவ்வொருவரிடமும் தாய்நாட்டு முகவரியைக் கையால் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, ஜனவரியில் நானே சர்வதேசத் தபாலில் அனுப்பினேன்.

2024 அக்டோபரில் என் பெட்டியின் சாவியைக் கவுன்டரில் கொடுத்துவிட்டு நிரந்தர முகவரி மாற்றத்தைப் பதிந்தேன். ஓராண்டு வரை கடிதங்கள் என்னைத் தேடி வந்தன. மஞ்சள் ஒட்டுத்தாளில் புது முகவரி அச்சிட்டு கடைசியாக வந்தது, அந்தப் பழைய வங்கியின் உறை. அதன் மேல் என் தெரு முகவரிக்குக் கீழே பெட்டி எண் சரியாக எழுதப்பட்டிருந்தது.