பேரல் சுத்தத்துக்கு ராடா, கயிறா?

.22 ரைஃபிளுக்கு நான் வாங்கியது மூட்டு இல்லாத, பிளாஸ்டிக் உறை போட்ட எஃகு ராடு. கிளப்பில் பலர் வைத்திருப்பது பேரலுக்குள் விட்டு இழுக்கும் கயிறு, அதாவது போர்ஸ்நேக். கயிறு மலிவு, சுருட்டிப் பையில் போடலாம், ஓரிரு இழுப்பில் வேலை முடிந்துவிடும். இதிலெல்லாம் ராடு தோற்றுவிடும்.

எதை எடுத்தாலும் முதலில் மேகசினைக் கழற்றி, பேரலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டை உருவி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். தோட்டாப் பெட்டி அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது.

என்னை ராடு பக்கம் இழுத்தது பேரலின் வாய் விளிம்பு. கிரௌன் என்பார்கள். குண்டு பேரலைக் கடைசியாகத் தொடும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால், பின்னால் சீறிவரும் வாயு சமமாகப் பிரியாமல் குண்டைச் சாய்த்துவிடும், குறி சிதறும். கயிற்றைக் கோணலாக இழுத்தால் அது உரசுவதும் இதே விளிம்பில்தான். நூல் எஃகை என்ன செய்துவிடும் என்பவர்கள் பழைய .303 லீ-என்ஃபீல்டு ராணுவ ரைஃபிள்களைப் பார்க்கலாம். புல்-த்ரூ என்ற சுத்தம் செய்யும் கயிற்றை இழுத்து இழுத்து, கிணற்றுக் கல்லில் விழுந்த தடம்போல வாய் தேய்ந்தவை உண்டு. கயிற்றில் ஒட்டிய மண்ணும் கரியும் செய்த வேலை அது. அதனால் போர்ஸ்நேக் வைத்திருப்பவர்கள் அதை அடிக்கடி துவைக்க வேண்டும்; யாரும் துவைத்து நான் பார்த்ததில்லை.

கிரௌனை லேத்தில் கடைந்து புதுப்பிக்கலாம்தான். ஆனால் 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கவே லைசென்ஸ் வேண்டும், தெருமுனைப் பட்டறையில் கொடுக்க முடியாது.

ராடை வாய்ப்பக்கமாக விட்டாலும் அதே சேதம்தான். சேம்பர் பக்கமிருந்து, ராடை நடுவில் நிறுத்தும் போர் கைடு என்ற குழாயைப் பொருத்தி விட வேண்டும். பிரஷ் முழுதாக வெளியே வந்த பிறகே திரும்ப இழுக்கலாம். துண்டு துண்டாகத் திருகும் அலுமினிய ராடு வேண்டவே வேண்டாம்: மூட்டுகள் உரசும், மெத்தென்ற உலோகத்தில் மண்துகள் பதிந்துகொள்ளும். கார்பன் ஃபைபர் ராடை நான் தொட்டதில்லை. வெறும் ஈயக் குண்டு சுடும் .22-க்கு, செம்பைக் கரைக்கும் அமோனியா சால்வெண்ட் தேவையில்லை. எண்ணெய் நனைத்த பேட்ச் (துணித் துண்டு), பிறகு உலர்ந்த பேட்ச், பெரும்பாலும் போதும்.

பல லீவர்-ஆக்‌ஷன் ரைஃபிள்களில், அதாவது அடியிலுள்ள நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றுபவற்றில், பின்பக்கமாக ராடு விட வழியில்லை. அப்படி ஒன்று வைத்திருந்தால் நானும் கயிறுதான் வாங்கியிருப்பேன், நேராக இழுக்கிற பொறுமையோடு.